நாலு கட்டமும் ஒரு ஜுரமும்

ஜூன் 9, திங்கள்

மீன் தீவனக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மொட்டை மாடியில், மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் ஏரேட்டர் மோட்டாருக்கு அடியில் இருந்தது. மோட்டார் ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தேன். இன்று எடுத்துத் துடைத்து, எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். அறிவியலில் முப்பத்தாறு. முப்பத்தைந்து போதும் என்கிற இடத்தில் ஒரு மார்க் அதிகம் வாங்கியவன் என்ற பெருமை இன்னும் உண்டு.

டாக்டரம்மா எழுதச் சொல்லியிருக்கிறார். காலையில் அவரிடம் நாலு பேரும் போனோம். நான், மனைவி வேதவல்லி, மகள் கயல்விழி, மருமகன் ஜெபராஜ். கயல் ஐந்து மாதம். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான். ஒரே கல்லூரியில் படித்து, கையாலேயே பேசிக் காதலித்து, கோயிலில் ஒரு தடவையும் சர்ச்சில் ஒரு தடவையுமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிறக்கப்போகும் குழந்தைக்குக் கேட்குமா கேட்காதா என்று தெரிய வேண்டும். கேள்வி கயலுடையது.

"எப்படி வந்தாலும் என் புள்ளதான் டாக்டர். முன்னாடியே தெரிஞ்சா வீட்ட அதுக்குத் தக்கன தயார் பண்ணி வெச்சிப்பேன்" என்று அவள் கை சொன்னது. வேதவல்லி அதை வாயால் சொன்னாள். வீட்டில் கைப்பேச்சு சரளமாக வருவது அவளுக்குத்தான். எனக்கு மீன், சோறு, தூக்கம், 'அம்மாவைக் கேள்' ஆகிய நான்கும் நன்றாக வரும். மற்றதைப் பார்த்தால் புரியும்; சொல்லத்தான் தடுமாறுவேன்.

டாக்டரம்மா என்னையும் வேதவல்லியையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

"எங்க அத்த பையன் டாக்டர்" என்றாள் வேதவல்லி.

"அப்போ காட்டின எடத்துல என்ன காரணம் சொன்னாங்க?"

"எனக்கு மூணாம் மாசத்துல ஜுரம் வந்துது. அதனாலன்னாங்க."

"சொந்தம்னு தெரிஞ்சுமா அப்படிச் சொன்னாங்க?"

வேதவல்லி என்னைப் பார்த்தாள். நான், "ஞாபகம் இல்லீங்க, இருபத்திநாலு வருஷம் ஆவுது" என்றேன்.

"பழைய ஃபைல் இருந்தா எடுத்துட்டு வாங்க. குடும்பத்துல யார் யாருக்குக் காது கேக்காது, யார் யாரைக் கட்டினாங்க, எல்லாம் ஞாபகப்படுத்தி எழுதிட்டு வாங்க."

ஃபைல் பரண் மேல் எங்காவது கிடக்கும். தேட வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஆறு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். இடுப்பு போய்விட்டது. பரண் ஏற முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கயலும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். வெயில் இறங்கியதும் கயல் என்னோடு மாடிக்கு வந்தாள். சின்ன வயதில் அவள் பாதிப்பொழுது இங்கேதான் இருப்பாள். கொளத்தூரில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டு மாடியிலும் கலர் மீன் தொட்டிதான். மற்ற பிள்ளைகள் தெருவில் கூவி விளையாட, இவள் கப்பி மீன் குட்டி போடுவதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். கயல்விழி என்று பேர் வைத்த புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ, நான் அப்படிச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா போட்ட கணக்கை எனக்குப் புரியவைக்கச் சாக்பீஸ் எடுத்தாள். தரையில் ஒரு சதுரம், நடுவே கூட்டல் குறி. நாலு கட்டம். ஒவ்வொரு குணத்துக்கும் நமக்கு இரண்டு எழுத்தாம். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வைக்கிறார்கள். தமிழில் அது கிடையாதே என்றேன். யோசித்து, நெடிலும் குறிலுமாக வைத்துக்கொண்டோம். 'கா' என்றால் கேட்கும், 'க' என்றால் கேட்காது. ஒரு 'கா' இருந்தாலே போதும், காது கேட்கும். 'க' வாயை மூடிக்கொண்டு பின்னால் ஒளிந்துகொள்ளும்.

மேலே எனக்குக் கா, க. பக்கத்தில் வேதவல்லிக்குக் கா, க. கட்டத்தை நிரப்பினால் முதலில் காகா. அடுத்த இரண்டும் காக. கடைசிக் கட்டத்தில் கக. அதன் மேல் கயல் காலை வைத்து நின்று, "இதுதான் நான்" என்றாள்.

எனக்கும் வேதவல்லிக்கும் தாத்தா ஒருவரே. அவர் எந்த மூலையிலோ ஒளித்து வைத்திருந்த ஒரு 'க' என் அம்மா வழியாக என்னிடமும், மாமா வழியாக அவளிடமும் வந்திருக்கிறது. வெளியில் பெண் எடுத்தால் ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம் பார்ப்பார்கள். முறைப்பெண்ணுக்கு அதுவும் பார்ப்பதில்லை. எனக்கு வெளியில் ஒரு பெண்ணைப் பேசினார்கள். நான் வேதவல்லிதான் வேண்டும் என்று இரண்டு நாள் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் படுத்துக் கிடந்து கட்டிக்கொண்டேன்.

கட்டம் பார்த்ததும் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. நாலில் ஒன்றுதானே? அப்படியானால் பயப்படாமல் இன்னும் மூன்று பெற்றிருந்தால் மூன்றும் நல்லபடியாகப் பிறந்திருக்கும். அதைக் கையால் சொன்னேன். கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று கறுப்புக் கூழாங்கல், ஒரு வெள்ளைக் கல் எடுத்து வாளியில் போட்டாள். கண்ணை மூடி ஒன்றை எடுக்கச் சொன்னாள். எடுத்ததைத் திரும்பப் போட வைத்தாள். மறுபடி எடு, மறுபடி போடு. வெள்ளையே இரண்டு தடவை தொடர்ந்து வந்தது. "எடுத்தத உள்ள போட்டுடணும்பா. ஒவ்வொரு புள்ளைக்கும் வாளி புதுசு."

பிறகு, "நல்லபடியான்னீங்களே, அப்போ நான்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் தொட்டியில் மீனை எண்ண ஆரம்பித்தேன்.

இறங்கும்போது மறுபடி கட்டத்தைக் காட்டினாள். "அம்மாவோட ஜுரத்துக்கு இதுல கட்டமே இல்லியேப்பா."

டாக்டர் சொல்லட்டும் என்றேன்.

ஜூன் 21, சனி

மூன்று தலைமுறை எழுத உட்கார்ந்தால் எல்லாம் கயலிடமே வந்து நிற்கிறது. நான் பார்த்தேயிராத சின்ன மாமாவுக்குக் காது கேட்காது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எழுதிவிட்டேன். அடுத்தது இது.

கயலுக்கு ஒன்றரை வயது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று மீன் பார்க்கிறாள். நான் இரும்பு வாளியை நிரப்பித் தூக்கினேன். கைப்பிடி கழன்று வாளி தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். தொட்டியில் இருந்த அத்தனை மீனும் ஒரே நொடியில் மூலைக்கு ஓடி ஒண்டின. கயல் திரும்பவில்லை. மீன் எல்லாம் ஏன் ஓடின என்று தொட்டிக்குள் குனிந்து தேடினாள்.

மீனுக்குக் கேட்டது என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கப் பயந்து, ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம்.

ஜூலை 3, வியாழன்

கயலுக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆறு வாரம் ஆகுமாம். மாப்பிள்ளை ஊசியைப் பார்த்து மயங்கிச் சாய்ந்தார். கர்ப்பிணி அவருக்கு விசிறிவிட்டாள்.

டாக்டரம்மா ஃபைலைக் கேட்டார். கரையான் அரித்துவிட்டது என்றேன். "நம்ம வூட்டுல ஏது மாமா கரையான்?" என்றாள் வேதவல்லி.

ஜூலை 4, வெள்ளி

டைரியை எடுத்ததிலிருந்து மோட்டார் ஆடிக்கொண்டே இருக்கிறது. கனமாக ஒரு ஃபைல் கிடைத்தது, முட்டுக்கொடுத்தேன். உயரம் சரியாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

லேசாகத் தூறல். கயல் ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலுக்கு வர எட்டு அடி. அந்த எட்டு அடிக்கு வேதவல்லி குடையோடு ஓடினாள். உள்ளே வந்ததும் துண்டால் தலை துவட்டி, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, கழுத்தில் வைத்துப் பார்த்து, மாப்பிள்ளையையும் பார்க்கச் சொன்னாள். மாப்பிள்ளை பயபக்தியோடு தொட்டுப் பார்த்தார்.

கயல் வயிற்றில் இருந்தபோது வேதவல்லி திருவேற்காட்டுக்கு வேண்டிக்கொண்டு போனாள். போகாதே என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். மழையில் நனைந்து, ஈரப் புடவையோடு பிராகாரம் சுற்றி வந்தாள். அன்று ராத்திரி ஜுரம். நாலு நாள்.

காது டாக்டர் அந்த ஜுரத்தைக் காரணம் சொன்ன பிறகு அவள் மழையில் நனைந்து நான் பார்த்ததில்லை. துணி எடுக்க மாடிக்கு வந்தாலும் குடை. உப்பு மூட்டை, கரைந்துவிடுவாள் என்று கிண்டல் செய்வேன். இருபத்திநாலு வருடமாக அதே கிண்டல். அவளும் சிரிப்பாள். இன்று எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அவள் சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

கயல் ஒரு விஷயம் சொன்னாள். காது கேட்காமல் போவதற்கு எழுத்து ஒன்றல்லவாம், பல உண்டாம். அவளும் மாப்பிள்ளையும் ஒரே எழுத்தா, வேறு வேறா என்று பார்க்கத்தான் ரத்தம். ஒரே எழுத்து என்றால் நாலு கட்டத்திலும் கக, குழந்தைக்குக் கேட்காது. வேறு வேறு என்றால், அவளிடம் இல்லாத நெடில் அவரிடம் இருக்கும், அவரிடம் இல்லாதது இவளிடம் இருக்கும். குழந்தைக்கு இரண்டிலும் ஒவ்வொன்று கிடைத்துவிடும்.

கேட்டதும் எனக்குப் பழைய சண்டை ஒன்று ஞாபகம் வந்தது. தயாளன் மீன்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் சிவப்புக்கண் வெள்ளைக் கப்பி இருந்தது. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பிறந்தால் வெள்ளைதான், அது எனக்கு அப்போதே தெரியும். புது ரத்தம் வேண்டும் என்று இரண்டு தெரு தள்ளி இருந்த தயாளனிடம் ஒரு வெள்ளை ஆண் வாங்கித் தொட்டியில் விட்டேன். குட்டி நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் சாம்பல் நிறம். தெருவே சிரித்தது. அசல் வெள்ளை இல்லை, கள்ள மீன் விற்றான் என்று கத்தினேன். அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. கொளத்தூர் பூராவும் சொல்லித் திரிந்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

சாக்பீஸ் எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். என் வெள்ளைக்கு ஒரு எழுத்து, அவன் வெள்ளைக்கு வேறு எழுத்து. நாலு கட்டத்திலும் சாம்பல். அவன் திருடவில்லை. நான் உரக்கச் சொன்னதால் உண்மையாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2, சனி

தயாளன் வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தான். வலையோடு நின்றபடி நான் சொன்னதைக் கேட்டான். தரையில் கட்டம் போட்டுக் காட்டினேன்.

"பதினெட்டு வருஷமா என்னைத் திருடன்னு சொல்லினு இருந்த. இப்போ எழுத்து வேறன்றே."

"ஆமாய்யா."

"மீனுக்கு எழுத்து வேற, சரி. உனுக்கு நாக்கு எதுக்குய்யா குட்துகிறாரு ஆண்டவன்?"

கட்டத்தைக் காலால் அழித்தேன். டீ சொன்னான். குடித்து முடித்ததும், "எங்கிட்ட சொல்லிட்ட. உள்ள போயி என் பொண்டாட்டிகிட்ட சொல்லு. நான் கள்ள மீன் வித்தேன்னு அவளும் நம்பிட்டாய்யா. வாயத் தொறந்து கேட்டதில்ல. ஆனா நம்பிட்டா. கூட இருக்கறவங்க நம்பிட்டா அது எப்படி இருக்கும்னு உனுக்குத் தெரியாது" என்றான்.

உள்ளே போய்ச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தது.

வீட்டுக்கு வந்து நேராக மாடிக்கு ஏறினேன். மோட்டாரைத் தூக்கி ஃபைலை உருவினேன். மோட்டார் பேய் பிடித்தமாதிரி ஆடியது. கீழே வேதவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இருபத்திநாலு வருடத்துக்கு முன்னால், காது டாக்டர் அறையில் நான் மட்டும் இருந்தேன். வேதவல்லி குழந்தையோடு சத்தம் வைத்துப் பார்க்கும் அறையில் இருந்தாள். எனக்கு முன்னால் போன புருஷன் பெண்டாட்டியை அந்த டாக்டர் கதவு திறந்திருக்கவே வெளுத்து வாங்கினார். சொந்தத்தில் கட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள் என்றார். அடுத்தது நான். "சொந்தமா?" என்றார். இவள்தான் வேண்டும் என்று பட்டினி கிடந்தவன் நான். என் வாய், "இல்லீங்க, வெளி சம்பந்தம்" என்றது. பிறகு இவள் வந்தாள். மாசமாக இருக்கும்போது ஜுரம் ஏதாவது வந்ததா என்று அவளைக் கேட்டார். வந்தது என்றாள். அப்போ அதுவாக இருக்கலாம் என்று எழுதினார். அவர் பேனாவை மூடும்வரை எனக்கு நேரம் இருந்தது.

வேதவல்லி ஃபைலைத் திருப்பிப் பார்த்தாள். எட்டாவதுவரை படித்தவள். சொந்தமா என்ற கேள்விக்கு நேரே 'நோ' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். வெங்காயக் கை.

"நான் அந்தக் கோயிலுக்குப் போறதையே விட்டுட்டனே மாமா. அப்பக்கூடவா சொல்லத் தோணல?"

மோட்டார் ஆடுகிறது என்று மாடிக்கு ஏறினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வேதவல்லி பேசவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது பெரிய விஷயம் இல்லை. முகம் திருப்புவதுதான் பெரிது. கையால் பேசும் வீட்டில் முகத்தைத் திருப்பினால் காதைப் பொத்திக்கொண்ட கணக்கு. ஒரு வாரமாக நான் பார்ப்பது வேதவல்லியின் பின்னல்தான். சோறு வருகிறது. ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கயல் வந்து என்ன சண்டை என்றாள். நானே சொல்கிறேன் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் கையைக் காலை ஆட்டினேன். 'பொய்' என்பதற்குக் கை எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் மகளிடம் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதிக் காட்டினேன். அவள் காட்டிக்கொடுத்தாள். திருப்பிச் செய்தேன். நான். பொய். டாக்டரிடம்.

அவள் கை கேட்டது: "நீங்க நெஜத்தச் சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமா?"

இல்லை என்றேன்.

"அப்போ எங்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. நான் அப்படியே எனக்கு நல்லாத்தான் இருக்கேன். அம்மாகிட்ட கேளுங்க. முகத்தத் திருப்பினா அந்தப் பக்கமா போயி நில்லுங்க."

போய் நின்றேன். இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி போனேன். அடுப்பைச் சுற்றி நாலு சுற்று ஆயிற்று. மாப்பிள்ளை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. எழுத்து வேறு வேறு.

டாக்டரம்மா கட்டம் போட்டார். நாலு கட்டத்திலும் ஒரே பதில். குழந்தைக்குக் கேட்க நிறைய வாய்ப்பு, பிறந்ததும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். நான் கரையான் அரிக்காத ஃபைலை மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒன்றும் சொல்லவில்லை. வேதவல்லியிடம், "கயலுக்கு இது உங்க ரெண்டு பேர்கிட்டேருந்தும் பாதிப் பாதியா வந்தது. உங்க ஜுரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டர்."

சொன்னார்.

"மழையில நனைஞ்சதுக்கும்?"

"சம்பந்தம் இல்லம்மா."

வேதவல்லி அதைக் கயலுக்குக் கையால் சொன்னாள். கயல் என்ன என்று கேட்கவே இல்லை. ஆனாலும் சொன்னாள், மெதுவாக, இரண்டு தடவை.

கயல் முகத்தில்தான் ஒரு யோசனை. வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "கேக்கற புள்ள. எங்க வீட்ல யாரும் வாயால பேசமாட்டோம். போரடிச்சிப் போயிடுமாப்பா அதுக்கு?"

இவள் இப்படி ஒன்றுக்குப் பயப்படுவாள் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை. "நான் இருக்கேன்ல" என்று கை காட்டினேன். "நிறையப் பேசுவேன்."

"அது தெரியும்" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டைரியைத் திறந்தால் ஜூன் 15-ம் பக்கத்து ஓரத்தில் பென்சில் எழுத்து. குண்டு குண்டாக. என் எழுத்து இல்லை.

"ரெண்டு நாள் பட்னிலாம் இல்ல. காலைல படுத்தாரு. மதியம் அப்பளம் பொரிக்கிற வாசனைக்கு எழுந்து வந்துட்டாரு. எங்க அப்பா அந்த சிரிப்புலதான் சரின்னாரு. ஜுரம் விஷயம் வேற. அதை நான் இன்னும் விடல. வே."

நாலு தடவை படித்தேன். பிறகு கீழே போய் வெங்காயம் உரித்தேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை. "தோல் கூட ஒழுங்கா எடுக்கத் தெரியல" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

பேத்தி. நேற்று காலை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. இன்று காதில் சின்னக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கேட்கிறது. மாப்பிள்ளை மயங்கவில்லை; நான்தான் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது.

நர்ஸ் கொடுத்த படிவத்தில் கயலுடைய அப்பா அம்மாவுக்குள் என்ன உறவு என்று ஒரு கேள்வி. பேனாவை வாங்கி, மாமன் மகள் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இடம் போதாமல் பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

மாடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கயல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தாள். வாளி கை நழுவிவிட்டது. பழைய வாளி இல்லை, ஆனாலும் இரும்பு. மீன்கள் மூலைக்குப் பறந்தன. குழந்தை உடம்பு தூக்கிப் போட்டு வீறிட்டது. கயல் வாளியைப் பார்க்கவில்லை. மடியில் அது துள்ளியதைத்தான் பார்த்தாள். பிறகு மீனைப் பார்த்தாள். பிறகு என்னை.

"மறுபடி போடுங்க" என்று கை காட்டினாள். போடவில்லை. குழந்தை பாவம்.

கீழேயிருந்து வேதவல்லி, "இன்னா மாமா ஒடச்ச?" என்றாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கயல் குழந்தையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். வேதவல்லி துணி எடுக்க மேலே வந்தாள். குடை இல்லை. கொடியிலிருந்து எல்லாவற்றையும் உருவி என் கையில் திணித்தாள். நான் படி வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பின்னால் வரவில்லை. மாடி நடுவில், சாக்பீஸ் கட்டம் போட்டிருந்த இடத்தில் நிற்கிறாள். சாக்பீஸ் எல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, புடவை உடம்போடு ஒட்ட, நின்றுகொண்டே இருக்கிறாள்.

உப்பு மூட்டை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கீழே போய் இஞ்சி தட்டி, மிளகு போட்டு, கஷாயத்தை அடுப்பில் வைத்தேன்.